பூனை கடித்த செடியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை

கேள்வி: வணக்கம் டொக்டர். பரந்தனிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகளுக்குச் செடிப் பைத்தியம். விறாந்தையிலும் ஹோலிலுமாக நிறையச் சாடிகள் வைத்திருக்கிறாள். மணிபிளான்ட், பாம்புத்தோல் மாதிரி நீட்டு இலைச் செடி, சோற்றுக்கற்றாழை, பீஸ் லில்லி, அடீனியம், பெரிய இலையில் வெள்ளைத் தெறிப்பு விழுந்த ஒரு செடி. மாரியில் வந்து ஒட்டிக்கொண்ட பூனைக்குட்டிக்கு இப்போது எட்டு மாதம். சுட்டி என்று பெயர். போன கிழமை அந்தத் தெறிப்பு இலையைக் கடித்துவிட்டு வாயிலிருந்து வீணீர் ஒழுக, முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு அலுமாரிக்குக் கீழே போய் ஒளிந்துவிட்டது. மாமி உப்புத் தண்ணீர் பருக்கப் பார்த்தா. பிறகு பாதிப் பனடோலைக் கரைத்துக் கொடுக்கப் போனா. சுட்டி வாயைத் திறக்காமல் அவவின் கையைக் கடித்துவிட்டது. பின்னேரம் தானாக வெளியே வந்து மீன் தலை தின்றது. கனடாவில் இருக்கும் அக்கா பூனைக்கு ஆகாத செடிகளின் பட்டியல் ஒன்று அனுப்பினா. பார்த்தால் எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் அதில் இருக்கிறது! மாமி பூனையைச் சந்தையில் விடச் சொல்கிறா, இவர் செடிகளை வெட்டி எறியச் சொல்கிறார், மகள் அழுகிறாள். அடுத்த மாதம் இதே வீட்டில் தம்பியின் கல்யாணமும் இருக்கிறது. எதை வைத்திருக்கலாம், எதை எடுக்க வேண்டும்?

பதில்: தங்கச்சி, சந்தைக்கும் கொண்டுபோக வேண்டாம், கத்தியும் எடுக்க வேண்டாம். சுட்டி கடித்த செடி அதைக் கொல்லக்கூடிய வகை அல்ல. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விடயங்கள் வேறு. நீங்கள் அவற்றைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அவற்றுக்கு வருகிறேன்.

வெள்ளைத் தெறிப்பு இலைச் செடி டிஃபன்பாக்கியாவாகத்தான் இருக்க வேண்டும். அதன் இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்து கிடக்கிறது. கடித்தவுடன் அந்த நுண்ணிய ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் ஏறிக்கொள்ளும். கரணைக்கிழங்கு வெட்டும்போது கை கடிக்கிறதே, அதற்கும் காரணம் இதுதான். இரண்டும் சேம்பின் குடும்பம். மணிபிளான்ட், பீஸ் லில்லி, அந்தூரியம், கலேடியம், யானைக்காது போல் இலை விரிக்கும் அலோகேசியா எல்லாம் அதே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இந்தக் கூட்டத்தின் குணம், கடித்த அந்த நிமிடமே வலிப்பது. அதனால் பூனை இரண்டாம் வாய் கடிக்காது. வீணீர் ஒழுகும், வாயைத் தேய்க்கும், சில நேரம் சத்தி எடுக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில் அடங்கிவிடும். சுட்டி பின்னேரமே மீன் தலைக்கு வந்தது அதனால்தான்.

அடுத்த முறை இப்படி நடந்தால் ஒரு துணியைச் சுத்தத் தண்ணீரில் நனைத்து வாயின் ஓரங்களைத் துடைத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் இலைத் துண்டை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி பாலோ சீனி போடாத தயிரோ நக்கக் கொடுங்கள். அது வாய் எரிவைக் கொஞ்சம் தணிக்கும். நக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நாக்கோ தொண்டையோ வீங்கி, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினால் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. செடியின் பால் கண்ணில் பட்டால் 10, 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பூனை அதற்குச் சம்மதிக்காது, துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

இனி அக்காவின் பட்டியல். பொய்ப் பட்டியல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மாதிரிப் பட்டியல்களில் வாய் கடிக்கும் செடியும் ஆளைக் கொல்லும் செடியும் ஒரே வரிசையில் நிற்கும். அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் தக்காளிச் செடியும் இருக்கிறது, அப்பிள் மரமும் இருக்கிறது, நாம் தடிமலுக்குக் கசாயம் வைக்கும் கற்பூரவள்ளியும் இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்தால் வன்னியில் ஒரு வளவிலும் பூனை வளர்க்க முடியாது. பாம்புத்தோல் செடியைத் தின்றால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும். சோற்றுக்கற்றாழையும் அப்படித்தான். அதன் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பால்தான் வயிற்றைக் கலக்குவது. குரோட்டன் இலை வாயை எரிக்கும். இவை எல்லாம் இருக்கட்டும். குட்டி பெரிதாகும் வரை கொஞ்சம் தள்ளி வையுங்கள், போதும்.

சரி, இப்போது பனடோல்.

மாமி நல்ல மனதோடுதான் செய்திருக்கிறா, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்குச் சுட்டி வாயைத் திறந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். பனடோலில் இருக்கும் பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் வழி நம் ஈரலில் இருக்கிறது. பூனையின் ஈரலில் அந்த வழி மிகவும் குறுகியது. உடம்பில் தங்கும் நஞ்சு இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பாதிக்க, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய்விடும். முரசு மண்ணிறமாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நஞ்சேறிய பூனைகள் உண்டு. சுட்டி 3 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 500 மில்லிகிராம் குளிசையில் பாதி என்பது கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் அது மணிக்கணக்கோடு ஓடும் ஓட்டம். உங்கள் சாடிகளில் இருக்கும் எந்தச் செடியையும் விட அந்தப் பாதிக் குளிசை கூடாதது. காய்ச்சலோ, நோவோ, எதுவாக இருந்தாலும் பூனைக்குப் பனடோல் இல்லை. டிஸ்பிரினும் வேண்டாம்.

உப்புத் தண்ணீரும் அப்படித்தான். நஞ்சு குடித்தவரைச் சத்தி எடுக்கவைக்கப் பழைய ஆட்கள் செய்தது. பூனைக்குக் கொடுத்தால் சத்தி வருவதற்கு முன் இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரலாம். சத்தி எடுக்கவைப்பதா வேண்டாமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். வீட்டில் வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்ட தம்பியின் கல்யாணம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

கல்யாண வீடு என்றால் பூச்செண்டு வரும், மேசைக்கு அலங்காரம் வரும். இப்போதெல்லாம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொழும்பிலிருந்து பூ எடுப்பித்து அலங்கரிக்கிறார்கள். அந்தப் பூக்களில் பெரிதாக ஆறு இதழ் விரித்து, நடுவில் மண்ணிற மகரந்தம் தொங்க, வாசம் தூக்கும் லில்லி இருக்கும். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் வருவது. இதுதான் உண்மையான லில்லி. பூனையைப் பொறுத்தவரை வீட்டுக்குள் வரக்கூடிய பூக்களில் இதைவிடக் கொடியது எனக்குத் தெரியாது. நாய் தின்றால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். இரண்டு மூன்று இலை போதும். பூவைத் தின்ன வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் உரசிப் போகும்போது மகரந்தம் மயிரில் ஒட்டும், பிறகு பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும், அதுவே போதும். பூ வைத்த குவளைத் தண்ணீரைக் குடித்தாலும் அதே கதி.

இது வாயை எரிப்பதில்லை. அதனால் பூனை நிறுத்தாமல் மெல்லும், நமக்கும் தெரியாது. சில மணி நேரத்தில் சத்தி எடுக்கும், சாப்பாட்டை வெறுக்கும், சோர்ந்து படுக்கும். பிறகு சத்தி நின்று, பூனை தேறிவிட்டது போலத் தெரியும். வீட்டுக்காரர் ஏமாறுவது அங்கேதான். கல்யாண வீட்டில் அந்த நேரத்தில் பூனையை யார் பார்க்கப் போகிறார்கள்? உள்ளே சிறுநீரகம் அழிந்துகொண்டிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அது முழுதாகச் செயலிழந்து, சிறுநீர் நின்றுவிடும். அப்போது கொண்டுவந்தால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. தின்று 18 மணி நேரத்துக்குள் நாளத்தில் சேலைன் ஏற்றத் தொடங்கி, இரண்டு மூன்று நாள் விடாமல் ஏற்றினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆகவே லில்லியைக் கடித்ததைக் கண்டால், அல்லது மூக்கிலும் மயிரிலும் மண்ணிறத் தூள் இருந்தால், சத்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தூளை ஈரத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு உடனே புறப்படுங்கள்.

அதனால் அலங்காரக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: ரோசா, ஓர்க்கிட், ஜெர்பரா எது வேண்டுமானாலும் போடு தம்பி, லில்லி மட்டும் வேண்டாம். இந்த மூன்றும் பூனைக்கு ஆபத்தில்லாதவை. மல்லிகைச் சரமும் அப்படியே. மகரந்தத்தைக் கிள்ளிவிட்டால் சரிதானே என்று கேட்பார்கள். சரியில்லை. இதழும் இலையும் தண்டும் நஞ்சுதான். யாராவது பூச்செண்டோடு வந்துவிட்டால் வாங்கி, முகம் கோணாமல், பூனை போகாத அறையில் வைத்துப் பூட்டுங்கள்.

லில்லி என்று பெயர் வைத்ததெல்லாம் இந்த வகை அல்ல. மகளின் பீஸ் லில்லி மேலே சொன்ன வாய் கடிக்கும் கூட்டம். மழை விழுந்ததும் முற்றத்தில் பூக்கும் மழை லில்லியும், சிலந்தி லில்லியும் சத்தியும் வயிற்றோட்டமும் தரும், கிழங்கைத் தோண்டித் தின்றால் இன்னும் கூட. சிறுநீரகத்தை அழிப்பவை பூச்செண்டு லில்லி வகைகளும், டே லில்லி என்று நர்சரிகளில் விற்கும் செம்மஞ்சள் பூச் செடியும்தான். மகள் அடுத்த முறை செடி வாங்கும்போது இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

இன்னொரு பூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வன்னியில் இருந்துகொண்டு நான் அதைச் சொல்லாமல் விட முடியாது. கார்த்திகைப்பூ. அதன் அருமையை இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மழை தொடங்க வேலியிலும் பற்றையிலும் கொடி ஏறும், கார்த்திகையில் பூக்கும். அதன் கிழங்கிலும் விதையிலும் இலையிலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கலப்பைக்கிழங்கு என்று அதன் கிழங்கைப் பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். தொடவே விடமாட்டார்கள். கொல்சிசின், உடம்பில் எங்கெல்லாம் உயிரணுக்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அங்கெல்லாம் பிரிவதைத் தடுக்கும். முதலில் குடல் பாதிக்கப்பட்டு இரத்தத்தோடு வயிற்றோட்டம் வரும், பிறகு மற்ற உறுப்புகள், தப்பினால் சில நாள் கழித்து எலும்பு மச்சை. வேலியில் கொடியாக நிற்கும்போது பூனைக்கு அதில் அவ்வளவு நாட்டம் இருக்காது. வெட்டி வந்து குவளையில் வைக்கும்போதுதான் இலை நுனியில் சுருண்டு ஆடும் பற்றுக்கம்பி பூனைக்கு விளையாட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. வைப்பதானால் சுட்டி வராத இடத்தில் வையுங்கள். குவளைத் தண்ணீரை முற்றத்தில் இருக்கும் கோழித் தண்ணீர்ச் சட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். கிழங்கைத் தோண்டிச் சாடியில் நடும் யோசனை மகளுக்கு இருந்தால் அது மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மகளின் சாடிகளில் நான் கட்டாயம் வீட்டுக்கு வெளியே மாற்றச் சொல்வது ஒன்றே ஒன்று, அடீனியம். நம் வெயிலுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் அதைப் போல் தாங்கும் செடி இல்லை, அதனால்தான் வீட்டுக்கு வீடு நிற்கிறது. ஆனால் அது அலரியின் சொந்தம். இரண்டின் பாலிலும் இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் அலரி விதையின் கதை வடக்கில் எல்லோருக்கும் தெரியும், அதை நான் இங்கே எழுதவில்லை. கசப்பு என்பதால் பூனை அதிகம் தின்னாது, ஆனால் எட்டு மாதக் குட்டிக்குப் பல் முளைத்து விளையாட்டு மிஞ்சிய வயது. அடீனியத்துக்கு வெயில்தான் வேண்டும், விறாந்தையை விட முற்றத்து மதிலுக்கு மேல்தான் அதற்கும் நல்லது. கொப்பு வெட்டினால் வெட்டியதை அப்படியே போடாமல் கூட்டி எடுங்கள். வெட்டிப் போட்டு வாடிய அலரிக் கொப்பில் பூனையை விட ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆபத்து அதிகம், காய்ந்தாலும் நஞ்சு போகாது. சின்னதாகப் பூங்கொத்துப் போலப் பூக்கும் கலஞ்சோவும் இதயத்தைத் தாக்கும் வகைதான். வாசலில் அழகுக்கு வைக்கும் சைக்கஸ் ஈரலை அழிக்கும், அதன் விதைதான் மிகவும் மோசம். இந்த இரண்டும் உங்கள் வீட்டில் இல்லை. இனியும் வாங்காமல் இருந்தால் நல்லது.

இப்போது உங்கள் கணவரிடம் ஒரு கேள்வி. செடியை வெட்டி எறியச் சொல்கிற அவர், வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்தை என்ன செய்கிறார்? நீங்கள் எழுதவில்லை. ஆனால் நெல் செய்கிற வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, தாங்கியின் அடியில் மிஞ்சியதை 'வீணாக்குவானேன்' என்று பூச்சாடிக்கும் கறிவேப்பிலைக்கும் அடித்துவிடுவதை. செடி நஞ்சில்லாத செடியாக இருக்கும், இலையில் பூச்சிமருந்து இருக்கும். பூனை கடிக்கவும் தேவையில்லை. சாடி ஓரமாகப் படுத்தெழும்பி மயிரை நக்கினால் போதும். அப்போதும் வீணீர்தான் ஒழுகும், அதனால் செடியைக் கடித்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். வித்தியாசம் இருக்கிறது. பல பூச்சிமருந்துகளில் கண்ணீர் வடியும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், தசை துடிக்கும், தள்ளாடும், இருந்த இடத்திலேயே மலசலம் போகும். இதைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மயிரில் மருந்து பட்டிருந்தால் கையுறையோ பொலித்தீன் பையோ கையில் மாட்டிக்கொண்டு, சவர்க்காரம் போட்டு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். போத்தலின் பெயர் தெரிந்தால் மாற்று ஊசியை உடனே போடலாம்.

எறும்புத்தூள், பூனை சாடிக்குள் இருக்காமல் மண்ணில் போட்டுவைக்கும் பூச்சி உருண்டை, கற்பூரம் இவையும் பூனைக்கு நஞ்சு. நாய்க்கு உண்ணிக்குப் போடும் மருந்தையும் பூனைக்குப் போடாதீர்கள், பல நாய் மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை வரவழைக்கும். மண்ணைக் கிளறி மலம் கழிப்பதுதான் தொல்லை என்றால் சாடியின் மேல் கூழாங்கல் பரப்பிவிடுங்கள். மிளகாய்த்தூள் தூவும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது காலில் ஒட்டிக் கண்ணுக்குப் போகும்.

பூனை ஏன் இலையைக் கடிக்கிறது? வயிற்றுக் கோளாறுக்கு மருந்து தின்கிறது என்பார்கள். நோயில்லாத பூனையும் புல் தின்னும், அது அதன் பிறவிக் குணம். அதை நிறுத்த முடியாது, வேறு பக்கம் திருப்பலாம். உங்களிடம் இல்லாத சாமான் ஒன்றும் தேவையில்லை. ஒரு பழைய மாத் தகரத்தின் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, ஒரு பிடி நெல்லை ஊறவைத்துத் தூவுங்கள். வீட்டு நெல்லாக இருக்கட்டும். கடையில் வாங்கிய விதைநெல்லில் பூஞ்சண மருந்து பூசியிருக்கலாம். ஒரு கிழமையில் பசுமையாக வந்துவிடும். சுட்டி படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அறுகம்புல்லைப் பிடுங்கி நட்டாலும் சரி. கதிர் தள்ளினால் வெட்டிவிட வேண்டும், கூர் தொண்டையிலோ மூக்கிலோ ஏறினால் அது தனி வில்லங்கம். குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதில் உருண்டு புரளும். பூனைவணங்கி என்று சும்மா சொல்லவில்லை. பார்க்க வேடிக்கைதான், ஆனால் அதைத் தின்னக் கொடுக்கும் புல்லாக வளர்க்காதீர்கள்.

உயரத்தில் வைத்தால் போதும் என்று மகள் சொல்வாள். நல்ல பூனை ஒன்றரை மீற்றர் ஒரே தாவலில் ஏறும், அலுமாரி உச்சி அதற்கு ஒரு தூரமே இல்லை. விறாந்தைத் தீராந்தியில் கம்பி கட்டி, பக்கத்தில் கதிரையோ யன்னல் விளிம்போ இல்லாமல் தொங்கவிட்டால்தான் பயன். மணிபிளான்ட் கொடியை நிலம் வரைக்கும் தொங்கவிட்டால் அதுவும் இல்லை, ஆடுகிற கொடியைப் பார்த்துக்கொண்டு எந்தப் பூனை சும்மா இருக்கும்? இரண்டு அடி விட்டு மீதியைக் கத்தரித்துவிடுங்கள். டிஃபன்பாக்கியாவை மகளின் படிக்கிற அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தலாம். இனி வாங்குவதென்றால் ஸ்பைடர் பிளான்ட், அரேக்கா பாம், தொங்கும் பன்னச் செடி, முற்றத்துக்குச் செவ்வரத்தை. பூனை கடித்தாலும் கவலை இல்லை.

கடைசியாக, அவசரத்துக்கு எங்கே போவது என்பது. நகரத்தில் இருப்பவர்களுக்கு எழுதும் ஆலோசனை நமக்குச் சரிவராது. நமக்குக் கிடைப்பது பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர்தான். அவர் காலையில் அலுவலகத்தில் இருந்தாலும் பிறகு மாட்டுக்குச் சினை ஊசி போட, தடுப்பூசி போட என்று ஊருக்குள் போயிருப்பார். நேரே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து நிற்பதை விட, இன்றைக்கே அலுவலகத்துக்கு ஒரு முறை போய் அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். சனி, ஞாயிறில் யாரை அழைப்பது என்றும் கேளுங்கள். சேலைன் ஏற்றுவது எங்களுக்குப் புதிது அல்ல, மாட்டுக்கு ஏற்றும் அதே கைதான். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பரந்தனிலிருந்து அது நீண்ட தூரம். இங்கே முதல் சிகிச்சை தொடங்கிய பிறகு அனுப்ப வேண்டியதா என்று வைத்தியரே சொல்வார்.

வரும்போது பூனையைத் துணி விரித்த மூடி போட்ட கூடையில் வையுங்கள், மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் பாய்ந்துவிடும். கடித்த செடியின் கொப்பு ஒன்றைப் பூவோடு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எத்தனை மணிக்குக் கடித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, என்ன கைமருந்து கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் ஏச மாட்டோம்.

இன்னொன்று, இது செடியைப் பற்றியது அல்ல. மாமியின் கையைச் சுட்டி கடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாரியில் எங்கிருந்தோ வந்த பூனை. விசர்நோய்த் தடுப்பூசி போட்டதாக ஒரு சொல்லும் இல்லை. கடிபட்டவுடன் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். கழுவினாவோ இல்லையோ, ஒரு கிழமை கடந்திருந்தாலும் பரவாயில்லை, மாமியை நாளைக் காலையே கிளிநொச்சி அரச வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விசர்நோய் ஊசி அங்கே இலவசம். போட வேண்டுமா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். பூனை உயிரோடு நலமாக இருக்கிறதா என்று கேட்பார்கள், அதனால் சுட்டியை எங்கும் விட்டுவிடாமல் கண்ணுக்கு முன்னால் வைத்திருங்கள். அதற்கான தடுப்பூசியைப் பற்றி உங்கள் கால்நடை வைத்தியரிடம் இலக்கம் வாங்கப் போகும்போதே கேட்டுவிடலாம்.